பரிவட்டம் கட்டிய பிள்ளை

“இந்த வருசமும் என் தலையிலதான் துணி கட்டுவாங்களாம்மா?”

பள்ளிக்கூட வேனுக்காக வாசலில் நின்றிருந்தபோது என் மகன் இதைக் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் வேன் வந்துவிட்டது. பையை மாட்டி, தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் போட்டு ஏற்றி அனுப்பினேன். சாயங்காலம் வந்து திரும்பக் கேட்பான், அதற்குள் ஒரு பதிலைத் தயார் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அவன் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை ஒரு கேள்வியை ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு விட்டுவிடுகிறான் என்றால், அம்மாவிடம் பதில் இல்லை என்று கண்டுகொண்டானோ என்று தோன்றுகிறது. மறந்தும் போயிருக்கலாம். எதையும் நான் இப்படித்தான் இரண்டு பக்கமும் யோசிக்கிறேன்.

அவன் துணி என்று சொல்வது பரிவட்டத்தை. எங்கள் ஊர் அய்யனார் கோயிலுக்கு வைகாசியில் புரவியெடுப்பு நடக்கும். வேளார் வீட்டில் செய்து வைத்திருக்கும் மண்குதிரைகளை ஊரே தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டு வரும். குதிரைகளுக்கு முன்னால் ஒருவர் நடப்பார். அவர் தலையில் பூசாரி பட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிவிடுவார். அதுதான் முதல் மரியாதை. என் தாத்தா அந்தத் துணியோடு நடந்திருக்கிறார், அப்பா நடந்திருக்கிறார். போன வருடம் என் மகனுக்குக் கட்டினார்கள். அப்போது அவன் எல்கேஜி.

நான் இந்தப் பகுதியின் சட்டமன்ற உறுப்பினர். ஊர், தொகுதி, கட்சி எதையும் எழுதவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயத்தோடுதான் எழுதுகிறேன்.

அப்பா இதே தொகுதியில் இரண்டு முறை உறுப்பினராக இருந்தவர். தாத்தா ஒன்றியப் பெருந்தலைவராக இருந்தார். நான் ஒரே பிள்ளை. எம்.காம் முடித்து, திருச்சியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கணவருக்கும் திருச்சியில் வங்கி வேலை. தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. கட்சியிலிருந்து கூப்பிட்டு, உங்கள் வீட்டிலிருந்தே யாராவது நின்றால் நல்லது என்றார்கள். அப்பா என்னைப் பார்த்தார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தார். இப்படியாகத்தான் நான் வேட்பாளர் ஆனேன்.

மகனுக்கு அப்போது இரண்டு வயது. நான் திறந்த ஜீப்பில் கும்பிட்டுக்கொண்டு போவேன், பின்னால் வரும் காரில் பால்புட்டியோடு அவன். ஊருக்கு ஊர் ஆரத்தி எடுத்த பெண்கள் முதலில் அவனைத்தான் வாங்கிக் கொஞ்சினார்கள். கிள்ளிக் கிள்ளி இரண்டு கன்னமும் சிவந்து தடித்துவிட்டன. அவனுக்குக் கன்னத்தில் தடவ ஒரு களிம்பும் எனக்குத் தொண்டைக்கு ஒரு மாத்திரையும் பையில் எப்போதும் இருக்கும். கறம்பக்குடி கடைவீதியில் ஒரு பூக்காரம்மா, “நீ பேசாட்டியும் பரவாயில்ல தாயி, இவன இப்பிடி நாலு தெரு தூக்கிட்டுப் போனாலே ஓட்டு விழுந்துரும்” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

எங்கள் கட்சி பழக்கவழக்கங்களுக்கு மதிப்புக் கொடுக்கும் கட்சி. குடும்பம், கோயில், பெரியவர்கள் சொல் என்று நாங்கள் மேடையில் பேசுவது ஓட்டுக்காகப் பேசுவது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதை நம்பித்தான் பேசுகிறேன். சின்ன வயதில் எங்கள் பக்கத்து ஊர்க் கோயிலில் ஒரு தகராறு வந்து, அதிகாரிகள் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். விளக்கேற்ற ஆளில்லாமல், பூட்டிய கம்பிக் கதவுக்கு வெளியே பெண்கள் சூடம் கொளுத்தி வைத்துவிட்டுப் போவார்கள். கதவடியில் கரி படிந்திருந்தது. பள்ளிக்கூட பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். ஊர் தன் வழக்கத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்ற எண்ணம் அந்த பஸ் ஜன்னலில் வந்ததுதான்.

சட்டமன்றத்தில் என் முதல் பேச்சும் அதைப் பற்றியதே. அறநிலையத்துறை மானியக் கோரிக்கை விவாதம். காலையில் எம்எல்ஏ விடுதியில் மகன் என் புடவையை விடாமல் பிடித்து அழுதான். கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத்தான் வந்தேன். எழுந்து நின்றதும் பேச்சு தானாக வந்தது. ஊர்க் கோயிலில் யாருக்கு என்ன மரியாதை, யார் எங்கே நிற்பது என்பதை ஊர்தான் முடிவு செய்ய வேண்டும், அதில் அரசாங்கமும் நீதிமன்றமும் மட்டுமல்ல, சட்டமன்ற உறுப்பினரும் தலையிடக் கூடாது, நானும் தலையிட மாட்டேன் என்று சொன்னேன். எங்கள் பக்கத்தில் மேசையைத் தட்டினார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர் ஒரு துண்டுச் சீட்டில் ‘அப்பா பேர் சொல்லும் பிள்ளை’ என்று எழுதி அனுப்பினார்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். அவர் அழுவது மட்டும் கேட்டது. என் பேச்சின் கடைசி வாக்கியத்தை ஊர் முகப்பில் ஃபிளெக்ஸ் அடித்து வைத்தார்கள். வெயிலில் வெளுத்துப் போன பிறகும் யாரும் கழற்றவில்லை. இப்போதும் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போகிறேன்.

நான் ஜெயித்த பிறகும் அப்பா காலை இழுத்து இழுத்துக் குதிரைகளுக்கு முன்னால் நடந்து பார்த்தார். போன வருடம் முடியவில்லை. ஊர்க் கூட்டம் போட்டார்கள். கூட்டம் கோயில் பொட்டலில் நடக்கும். பெண்கள் உட்காரும் வழக்கம் கிடையாது. அதனால் நான் பொட்டலின் ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி வைத்து உள்ளே உட்கார்ந்திருந்தேன். கொடி கட்டிய கார். கலெக்டர் அலுவலகத்தில் எனக்கு முன்வரிசை நாற்காலி போடுகிறார்கள். சொந்த ஊர்க் கூட்டத்தை ஜன்னல் வழியாகக் கேட்டேன். அன்றைக்கு அது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை.

மரியாதையை எனக்குக் கொடு என்று நின்றவர் அப்பாவின் சித்தப்பா மகன், எனக்குச் சித்தப்பா முறை. எங்கள் கட்சியிலேயே இருக்கிறார். அடுத்த தடவை சீட்டு கேட்கப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். காரின் கதவில் கை வைத்துக் குனிந்து சிரித்தார்.

“ஒனக்கு எதுக்கு ஆத்தா இந்த வெயிலு? நீ மெட்ராசுல போயி சட்டம் போடு. இங்கிட்டு சாமிய நான் பாத்துக்கிறேன்.”

அவருக்குக் கொடுத்தால் அது திரும்ப எங்கள் வீட்டுக்கு வராது. கொடுக்காமலும் இருக்க முடியாது, குதிரைகளுக்கு முன்னால் ஆள் வேண்டும். ரொம்ப நேரம் பேசி, கடைசியில் பெரியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அப்பா உயிரோடு இருக்கும்வரை உரிமை அவருடையது. அவரால் நடக்க முடியாததால் அவருக்குப் பதிலாக மகள் வயிற்றுப் பேரன் நடக்கட்டும். என் கணவர் வேறு ஊர், வேறு பங்காளி, அவருக்குக் கட்ட முடியாது. என்னைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. முடிவைச் சொல்ல வந்த பெரியவர், “நீங்களே சட்டசபையில சொல்லிட்டீங்க, ஊரு முடிவுதான்னு. இது ஊரு முடிவும்மா” என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

திருவிழாவுக்கு முதல்நாள் மகனுக்கு உடம்பு கொஞ்சம் சுட்டது. காய்ச்சல் மருந்து கொடுத்தேன், இறங்கிவிட்டது. காலையில் மறுபடி லேசாக இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச தூரம்தானே, நடக்க வேண்டாம், தோளில் தூக்கிக்கொள்வார்கள் என்றார். நான் இன்னொரு மூடி மருந்து கொடுத்தேன்.

குதிரைகள் வேளார் வீட்டிலிருந்து புறப்பட்டு வரும் பாதையில் பெண்கள் குறுக்கே வரக்கூடாது. நாங்கள் கோயில் பக்கம் நின்று வரவேற்க வேண்டும். உச்சி வெயில். தைலமரக் காட்டுப் பக்கமிருந்து வேட்டுச் சத்தமும் தப்பட்டையும் வந்துகொண்டே இருந்தன. தூரத்தில் மண்குதிரைகளின் தலைகள் கூட்டத்துக்கு மேலே ஆடி ஆடி வந்தன. முன்னால் கட்சிக் கிளைச் செயலாளரின் தோளில் என் பிள்ளை, தலையைவிடப் பெரிய துணியோடு. நான் போனில் படம் எடுத்தேன்.

திடீரென்று அங்கே குலவைச் சத்தம் எழுந்தது. அது எங்கள் பக்கம் பரவியது. என் பக்கத்தில் நின்ற ஒரு வயசான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “தாயி, ஒங்க பிள்ள மேல அய்யனாரு எறங்கிட்டாரு தாயி. பாருங்க, சாமி ஆடுது.” சுற்றியிருந்தவர்கள் என்னைக் கும்பிட்டார்கள். பழக்கத்தில் என் கையும் குவிந்தது. பிறகுதான் பார்த்தேன். பிள்ளையை எல்லோரும் பார்ப்பதற்காக இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவன் கைகால் வெட்டி வெட்டி இழுத்தன. தலை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. யாரோ அவன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். யாரோ சத்தமாக, எங்கள் ஊருக்கு மழை எப்போது வரும் என்று அவனிடம் கேட்டார்கள்.

நான் ஓடினேன். ஆனால் நேராக ஓடவில்லை. குதிரைகளுக்குக் குறுக்கே போகாமல் கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. என் கால்களே அப்படிப் போயின. நான் போய்ச் சேர்வதற்குள் என் கணவர் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்ப் பிள்ளையைப் பிடுங்கி மடியில் ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார். துணி அவிழ்ந்து அவர் தோளில் கிடந்தது. சாமியைத் தொடுகிறாரே என்று அவரை வைதுகொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இளம்வயது டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி, வலிப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்பது. எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

காய்ச்சலில் சின்னப் பிள்ளைகளுக்கு இப்படி வருவது உண்டு, பயப்பட வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். நான் பயப்படாமல் இருக்க முயன்றேன். ஆனால் நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. பிள்ளையின் கையால் திருநீறு வாங்க வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அது தொடர்ந்தது. கட்டுமாவடியிலிருந்து ஒருவர், மகன் கடலுக்குப் போகும்போதெல்லாம் பயமாக இருக்கிறது என்று வந்து, இந்தச் சின்னக் கால்களில் விழுந்தார். அப்பா மறுக்கவில்லை. கட்சிக்காரர்கள் கல்யாண ஃபிளெக்ஸ்களில் என் படத்துக்குப் பக்கத்தில் அவன் படத்தையும் போட ஆரம்பித்தார்கள், நெற்றி நிறையத் திருநீறோடு. நானும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. நம்பிக்கையோடு வருகிறவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது? அவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கவும், முதியோர் உதவித்தொகைக்கு அலையவும் எனக்குத் தெரியும். திருநீறு வேண்டாம் என்று சொல்ல மட்டும் தெரியவில்லை.

பிள்ளைக்கு அது விளையாட்டாகிவிட்டது. யாராவது “சாமி ஆடு பாப்போம்” என்றால் கண்ணைச் சொருகி, கையை உதறி ஆடிக் காட்டுவான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று மிஸ் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டில் கண்டித்தேன். கார்த்திகை மாதம் ஒரு சாயங்காலம் நான் கட்சிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். அவன் கூடத்தில் கையை உதறினான். “போதும், நிறுத்து” என்று சத்தம் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன். அவன் நிறுத்தவில்லை. உதறியது ஒரு கை மட்டும் என்பதைக் கவனித்தபோதுதான் எழுந்தேன். உடம்பைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை.

திருச்சியில் மூளை நரம்பு டாக்டரிடம் காட்டினோம். தலையில் ஒயர்களை ஒட்டி ஒரு சோதனை செய்தார்கள். பிள்ளை அதையும் பரிவட்டம் என்றே நினைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் இல்லாமலும் வருகிற வலிப்பு என்றார்கள். காலையும் இரவும் மருந்து. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. தூக்கம் கெடக் கூடாது, பட்டினி கூடாது, வெயிலில் வாடக் கூடாது. வலிப்பு வந்து ஐந்து நிமிடத்துக்குள் நிற்காவிட்டால் மூக்கில் அடிக்க ஒரு ஸ்ப்ரே கொடுத்திருக்கிறார்கள். அதை அடித்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நிறையப் பிள்ளைகளுக்கு வயது ஏற ஏறச் சரியாகிவிடும் என்றும் அந்த டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சட்டமன்றம் நடக்கும் நாட்களில் கணவர் பிள்ளைக்கு மருந்து கொடுத்ததும், காலியான மூடியைப் படம் எடுத்து அனுப்புவார். அது வந்தால்தான் அவைக்குள் போவேன்.

இது எங்கள் மூன்று பேருக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும். வெளியே சொன்னால் என்ன ஆகும் என்பதை அப்பா ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அருள் வந்த பிள்ளை என்று கும்பிட்டவர்கள், ஏமாற்றிவிட்டோம் என்பார்கள். சாமியையே கேலி செய்துவிட்டோம் என்பார்கள். பிள்ளையைக் காக்கா வலிப்புக்காரன் என்று கூப்பிடுவார்கள், நாளைக்குப் பெண் எடுக்கும்போதும் அந்தப் பேர்தான் முன்னால் வரும். இதில் எதையும் நான் பொய் என்று சொல்ல முடியாது.

இப்போது பங்குனி. வைகாசியில் முதல் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. போன வருடம் அவசரத்தில் பிள்ளைக்குக் காப்புக் கட்டாமல் விட்டதால்தான் சாமி கோபமாக இறங்கியது என்று ஊரில் பேச்சு. அதனால் இந்த வருடம் முறைப்படி கட்ட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பகலில் பட்டினி இருந்து ஒரு வேளைதான் சாப்பிட வேண்டும். பிள்ளை என்பதால் பால் குடிக்கலாம் என்று விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி எல்லைக்கு வெளியே இருக்கிறது. எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில்தான் என் பேச்சு எழுதிய அந்த ஃபிளெக்ஸும் நிற்கிறது.

ஒன்றுமே செய்யாமல் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். பூசாரியைத் தனியாகக் கூப்பிட்டு, மகனுக்குப் பதிலாக எனக்குக் கட்ட முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது, என் நம்பிக்கைக்கு நானே துரோகம் செய்வதுபோல. அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“எனக்கு ஒண்ணுமில்ல தாயி. அய்யனாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு. ஊருதான் கேக்கும். நீங்க பேசுனதத்தான் எடுத்து முன்னாடி போடுவாங்க. அதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?”

என்ன சொல்வேன்? எனக்கு வசதியாக இருந்தவரை ஊர் முடிவு, என் பிள்ளைக்கு என்று வந்தபோது என் முடிவு என்றா?

அப்பாவிடம் பேசினேன். அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைக்கு மருந்து நேரம் வந்தால், இழுக்கிற காலோடு அவர்தான் முதலில் எழுந்து போய் பாட்டிலை எடுப்பார். அன்றும் அவன் அவர் கட்டிலில்தான் தூங்கிக்கொண்டிருந்தான். இந்த வருடம் வேண்டாம்ப்பா, சித்தப்பாவுக்கே போகட்டும் என்றேன்.

“மருந்தும் குடுப்போம். அய்யனாரும் பாத்துக்குவாரு. ரெண்டுல ஒண்ண ஏன் ஆத்தா விடச் சொல்ற?”

டாக்டர் சொன்னதை மறுபடியும் சொன்னேன். அவர் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“ஒன் சித்தப்பன்கிட்ட போச்சுன்னா துணி மட்டுமா போகும்? சீட்டும் போயிரும். நீ அந்தப் பள்ளிக்கொடத்துக்கு பஸ்ஸு விட்டியே, அத எவன் விடுவான்? நான் போனப்பறம் நீ என்னமும் செஞ்சுக்க. நான் இருக்கையில வேணாம்.”

அவர் அந்த பஸ்ஸைச் சொல்லியிருக்க வேண்டாம். ஒரு உள்கிராமத்துப் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்றுகொண்டிருந்தார்கள். அதிகாரிகளிடம் திரும்பத் திரும்பப் போய்க் காலையிலும் மாலையிலும் ஒரு பஸ் வாங்கினேன். முதல்நாள் அந்தப் பெண்பிள்ளைகளோடு நானும் ஏறிப் போனேன். சீட்டு வேண்டாம் என்று என்னால் பட்டென்று சொல்ல முடியாததற்கு அந்த பஸ் ஒரு காரணம். அது மட்டும்தான் காரணமா என்று கணவர் ஒருநாள் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. நான் எழுந்து பேசினால் பதில் வருகிறது. கல்லூரியில் பாடம் நடத்தும்போது அப்படி ஒன்று கிடைத்ததில்லை.

கணவர் முடிவு செய்துவிட்டார். காப்புக்கு முந்தின நாள் பிள்ளையைத் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்கிறார். “நீ வந்தா வா. வராட்டி நான் தப்பா நெனைக்க மாட்டேன். ஆனா இந்தத் தடவ அவன அவங்க கையில குடுக்க மாட்டேன்.” அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். இட்லிக்கு மாவை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

அவர் சொல்வதுதான் சரி என்று காலையில் தெளிவாகத் தெரிகிறது. பிறகு மனு கொடுக்க வருகிறவர்கள் வருகிறார்கள். “எங்க தாயி நம்ம சின்னச் சாமி?” என்று கேட்டு, பிள்ளைக்கென்று முந்தானையில் முடிந்து கொண்டுவந்த கடலைமிட்டாயை நீட்டுகிறார்கள். மத்தியானத்துக்குள் எனக்குக் குழம்பிவிடுகிறது. பிள்ளை திருச்சியில் இருக்க, நான் மட்டும் கோயில் முன்னால் பெண்களோடு நின்று, சித்தப்பா துணி கட்டிக்கொண்டு நடந்து வருவதைப் பார்ப்பேனா? அப்பா அன்றைக்கு எங்கே உட்கார்ந்திருப்பார்? பிள்ளை எங்கே என்று கேட்டால், வேறு எதையாவது சொல்லிச் சமாளிப்பேனா, உண்மையைச் சொல்வேனா? உண்மையைச் சொன்னால் அது என் பிள்ளையின் உண்மை. அவனைக் கேட்காமல் அதை ஒலிபெருக்கியில் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா? சொல்லாமல் விட்டால், இந்த மாவட்டத்தில் இன்னும் எத்தனை பிள்ளைகளின் வலிப்புக்கு யார் யார் குலவை போட்டுக்கொண்டிருக்கிறார்களோ. அவர்களுக்கும் நான்தானே உறுப்பினர்.

நேற்று அவன் ஹோம்வொர்க் நோட்டில் குதிரை வரைந்திருந்தான். மேலே ஒரு ஆள். தலையில் பெரிதாக ஒரு சுற்று. அது யார் என்று கேட்டேன். தாத்தா என்றான். இப்போது தாத்தாவுக்குக் கால் சரியாகிவிட்டதாம், அவரே ஏறிவிட்டாராம். நீ எங்கே என்று கேட்டேன். தாளின் ஓரத்தில் ஒரு புள்ளியைக் காட்டினான். கார் என்றான். நானும் அவனும் அவன் அப்பாவும் காருக்குள் இருக்கிறோமாம். கார் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களில் பலர் என்னைப் போலவே வழக்கங்களை மதிக்கிறவர்களாக இருப்பீர்கள். அவர்களைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். எல்லாவற்றையும் தூக்கிப்போடு என்று சொல்கிறவர்களின் பதில் எனக்கு ஏற்கெனவே தெரியும். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம், ஆனால் நான் இந்த ஊரில்தான் இருக்க வேண்டும், இந்தச் சாமியைத்தான் கும்பிட வேண்டும். வலிப்பு இருக்கும் பிள்ளையை வளர்த்தவர்கள் இருந்தால், ஊருக்கு அதை எப்படிச் சொன்னீர்கள், சொன்ன பிறகு பிள்ளையை எப்படிப் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். கோயில் மரியாதையை விட்டுக்கொடுத்த குடும்பங்கள் இருந்தால், வீட்டுப் பெரியவரிடம் எந்த வார்த்தையில் ஆரம்பித்தீர்கள் என்று எழுதுங்கள். இந்தப் பத்திரிகைக்கு எழுதினால் எனக்கு வந்து சேரும். பேர் போட வேண்டாம், நானும் போடவில்லை.

வைகாசி பிறப்பதற்குள் எழுதினால் நல்லது. என் மகன் அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்டாலும் கேட்பான். இந்தத் தடவை வேன் வருவதற்குள் நான் அவனுக்கு என்ன சொல்லட்டும்?